இரும்பைத் தண்ணியில நிக்க வெக்குறது: வீட்டுல இடிடிஏ கரைசல் செஞ்சு பார்த்த பதிவு

மண்ணே இல்லாம 20 லிட்டர் பக்கெட் தண்ணியில வளர்ற தக்காளிச் செடி, அதோட நுனியில புதுசா வர்ற இலை இப்போ நல்ல பச்சையா வருது. இதுக்கு முன்னாடி வந்த இலையெல்லாம் எலுமிச்சை மஞ்சள்ல, நரம்பு மட்டும் பச்சையா, வலை போட்ட மாதிரி இருந்துச்சு. இடையில மாறினது இரும்பு, அதைத் தண்ணியில கரைஞ்சபடியே பிடிச்சு வெக்கற இடிடிஏங்கற ரசாயனம்தான் கை கொடுத்துச்சு. நடுவுல என்னென்ன கலக்கிப் பார்த்தேன், எது ஏன் நிக்கல, எந்த அளவு சரியா வந்துச்சுன்னு எல்லாத்தையும் வரிசையா எழுதிடறேன், ஏன்னா இதுல பாதி விஷயம் உரப் பாக்கெட்டுல எழுதியிருக்காது, மீதிப் பாதி கெமிஸ்ட்ரி புத்தகத்துல அணைவுச் சேர்மங்கள்ங்கற பாடத்துக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்கும், ரெண்டையும் சேர்த்து கையில செஞ்சு பார்த்தாதான் புரியும்.

மஞ்சளைப் பார்த்ததும் இரும்புக் குறைபாடுன்னு முடிவு பண்ணிடக் கூடாது. கீழ இருக்கற பழைய இலை முதல்ல மஞ்சளானா அது பெரும்பாலும் நைட்ரஜன், இல்லன்னா மெக்னீசியம், ஏன்னா அதையெல்லாம் செடி பழைய இலையிலேருந்து எடுத்துப் புதுசுக்குக் கொடுத்துக்கும். இரும்பு அப்படி நகராது, ஒரு இலையில போனது போனதுதான், அதனால வரத்து நின்னா அடி வாங்கறது நுனி இலைதான். மாங்கனீஸ் குறைஞ்சாலும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் வரும், ஆனா என் நுண்சத்து கலவையில மாங்கனீஸ், ஜிங்க், காப்பர், போரான், மாலிப்டினம் எல்லாம் இருந்துச்சு, இரும்பு மட்டும் தனியா போட்டுக்கற மாதிரியான கலவை அது. அதனால சந்தேகம் நேரா இரும்பு மேலதான் போச்சு.

முதல்ல போட்டது ஃபெர்ரஸ் சல்ஃபேட், அன்னபேதி உப்பு. இருக்கறதுலயே மலிவு, தண்ணியில உடனே கரையும், லேசான பச்சை நிறம். 20 லிட்டருக்கு 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) இரும்பு, அதாவது 40 மில்லிகிராம் இரும்பு வேணும்னு கணக்கு, ஏழு நீர் மூலக்கூறு உள்ள உப்புல 20 சதவீதம் இரும்பு, அப்போ 0.2 கிராம் உப்பு போதும். போட்டுக் கலக்கினப்போ ஒரு வித்தியாசமும் தெரியல, தண்ணி தெளிவா இருந்துச்சு. ராத்திரி முழுக்க ஏர் பம்ப் ஓடி காலையில பார்த்தா ஏர் ஸ்டோன் மேல பழுப்பு, பக்கெட் அடியில வெளுத்த மஞ்சள்ல மண்டி, வேர் மேல கூட துருப் படிவு. அளவைக் கூட்டிப் போட்டா மண்டிதான் கூடுது, இலை அப்படியே மஞ்சளாவே நிக்குது.

நடந்தது இதுதான். இரும்புக்கு ரெண்டு நிலை, ரெண்டு எலக்ட்ரான் இழந்தது ஃபெர்ரஸ், மூணு இழந்தது ஃபெர்ரிக். ஃபெர்ரஸ் இரும்பு காத்துல இருக்கற ஆக்ஸிஜனோட சேர்ந்து ஃபெர்ரிக் ஆகுது, நடுநிலைக்குப் பக்கத்துல இருக்கற தண்ணியில அது ரொம்ப வேகமா நடக்கும், ஃபெர்ரிக் ஆனதும் அதுக்குக் கரைஞ்சு நிக்க இடமில்ல, ஒண்ணு ஹைட்ராக்ஸைடா துருவா இறங்கும், இல்ல உரத்துல இருக்கற பாஸ்பேட்டைப் பிடிச்சுக்கிட்டு வெளுத்த மண்டியா இறங்கும். நான் வேருக்குக் காத்து வேணும்னு பம்ப் போட்டிருக்கேன், அதே காத்துதான் இரும்பையும் இறக்குது. ரெண்டுல எதையும் விட முடியாது. அப்போ இரும்பை யாராவது பிடிச்சு வெச்சிருக்கணும், ஹைட்ராக்ஸைடும் பாஸ்பேட்டும் கிட்ட வர விடாம. அந்தப் பிடிக்கிற வேலைக்குத்தான் சின்னச் சின்ன ஆர்கானிக் மூலக்கூறுங்க.

கையில உடனே கிடைச்சது சிட்ரிக் ஆசிட். அதுல மூணு கார்பாக்ஸில் முனையும் ஒரு ஹைட்ராக்ஸில் முனையும் இருக்கு, இரும்பைச் சுத்தி வளைச்சுப் பிடிக்க அது போதும்னுதான் ஆரம்பிச்சேன். 5 கிராம் ஃபெர்ரஸ் சல்ஃபேட்டுக்கு 7.5 கிராம் சிட்ரிக் ஆசிட் மோனோஹைட்ரேட், அதாவது ஒரு இரும்புக்கு ரெண்டு சிட்ரேட்ங்கற கணக்கு, அரை லிட்டர் காய்ச்சி வடிச்ச தண்ணியில. காத்து விட்டதும் மஞ்சளா ஆச்சு, மண்டி இல்ல. பக்கெட்டோட பிஹெச்சை (புளிப்பையும் காரத்தையும் காட்டுற அளவு, 7 நடுநிலை, அதுக்குக் கீழ புளிப்பு) 5.5 கிட்ட வெச்சிருக்கற வரைக்கும் தெளிவா நின்னுச்சு, நுனி இலையும் கொஞ்சம் தேறுச்சு. இது வேலைக்கே ஆகாதுன்னு சொல்ல மாட்டேன், அவசரத்துக்கு நல்லாவே ஆகும். ஆனா ரெண்டு தொல்லை. சிட்ரேட் பாக்டீரியாவுக்கு நல்ல சாப்பாடு, கொஞ்ச நாள்ல ஏர் ஸ்டோன்லயும் குழாய்லயும் வழவழன்னு ஒரு படலம், அதுங்க சிட்ரேட்டைத் தின்னு தீர்க்கத் தீர்க்க பிஹெச்சும் மேல ஏறுது, பிடிச்சிருந்த கையும் போயிடுது, இரும்பு திரும்ப மண்டிக்கு. இன்னொண்ணு வெளிச்சம். ஃபெர்ரிக் சிட்ரேட் வெளிச்சத்துல உடையும், சிட்ரேட்டோட ஒரு பகுதி கார்பன் டை ஆக்ஸைடா போய் இரும்பு ஃபெர்ரஸ் ஆகும். 1842ல ஜான் ஹெர்ஷல் கண்டுபிடிச்ச சயனோடைப், அந்த நீல நிறப் படம் எடுக்கற முறை, அதுவே அம்மோனியம் ஃபெர்ரிக் சிட்ரேட் வெயில்ல இப்படி மாறறதை வெச்சுதான். என் பக்கெட் வெள்ளை பிளாஸ்டிக், வெளிச்சம் நல்லா உள்ள போற ரகம்.

அடுத்து இடிடிஏ. இந்த மூலக்கூறுல ரெண்டு நைட்ரஜன், நாலு கார்பாக்ஸிலேட், மொத்தம் ஆறு இடத்துல ஒரே மூலக்கூறு இரும்பைச் சுத்திப் பிடிக்கும், பக்கத்துல வேற யாருக்கும் இடம் அவ்வளவா மிஞ்சாது. 1935ல ஃபெர்டினாண்ட் முன்ஸ் முதல்ல தயாரிச்சது. செடி வளர்க்குற சத்துக் கரைசல்ல இரும்புக்காக இதைக் கொண்டு வந்து 1951ல ஜேக்கப்சன் எழுதின செய்முறையையும், 1962ல முராஷிகேயும் ஸ்கூகும் திசு வளர்ப்புக்காகக் கொடுத்த அளவையும்தான் நான் அடிப்படையா எடுத்துக்கிட்டேன். முராஷிகே ஸ்கூக் அளவு ஒரு லிட்டருக்கு 27.8 மில்லிகிராம் ஃபெர்ரஸ் சல்ஃபேட், 37.3 மில்லிகிராம் டைசோடியம் இடிடிஏ. பார்க்க ரெண்டும் வேற வேற எடை, ஆனா மூலக்கூறு எண்ணிக்கையில ரெண்டும் சரியா ஒண்ணுக்கு ஒண்ணு, 0.1 மில்லிமோல் (மோல்ங்கறது மூலக்கூறுகளை எண்ணற அலகு). இந்த ஒண்ணுக்கு ஒண்ணு விகிதம்தான் முழு வேலைக்கும் அச்சாணி.

வாங்கும்போது இடிடிஏன்னு மட்டும் எழுதியிருந்தா வாங்காதீங்க, எந்த வடிவம்னு கேட்டுக்கோங்க. ஆசிட் வடிவம் தண்ணியில கரையவே கரையாது, லிட்டருக்கு அரை கிராம் கரைஞ்சாலே பெரிசு, பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு மாதிரி காரம் ஊத்தினாதான் கரையும், ஜேக்கப்சன் முறையில அப்படித்தான் செய்வாங்க. டைசோடியம் டைஹைட்ரேட் வடிவம் வெந்நீர்ல அழகா கரைஞ்சுடும், வீட்டுக்கு அதுதான் லாயக்கு. எடையும் மாறும், ஆசிட்டுக்கு மோலார் எடை 292, டைசோடியம் டைஹைட்ரேட்டுக்கு 372, ஒண்ணோட எடையை வெச்சு இன்னொண்ணைப் போட்டா ஐந்துல ஒரு பங்கு குறைஞ்சு போகும்.

செஞ்ச அளவு: 500 மில்லி காய்ச்சி வடிச்ச தண்ணி, டைசோடியம் இடிடிஏ 6.7 கிராம், ஃபெர்ரஸ் சல்ஃபேட் 5.0 கிராம். இதுல 1 கிராம் இரும்பு வரும், அப்போ ஒரு மில்லிக்கு 2 மில்லிகிராம், 20 லிட்டர் பக்கெட்டுக்கு 20 மில்லி ஊத்தினா 2 பிபிஎம், மனக்கணக்குக்கு லேசு. குழாய்த் தண்ணியில செய்யாதீங்க, அதுல இருக்கற கால்சியமும் பைகார்பனேட்டும் ஆரம்பத்துலயே குறுக்க வரும்.

வரிசை முக்கியம். முதல்ல 300 மில்லி தண்ணியை 60 டிகிரிக்குச் சூடு பண்ணி இடிடிஏ முழுக்கக் கரையற வரைக்கும் கலக்கணும், ஒரு துகள் கூட அடியில இருக்கக் கூடாது. தனியா 150 மில்லியில ஃபெர்ரஸ் சல்ஃபேட் கரைச்சு, இடிடிஏக்குள்ள மெதுவா ஊத்தணும். இரும்பு உள்ள போற நொடியிலயே அதுக்குப் பிடிமானம் தயாரா இருக்கணும், அதுக்குத்தான் இந்த வரிசை. ஊத்தினதும் லேசான மஞ்சள் பச்சை, அப்புறம் ஏர் ஸ்டோன் போட்டு காத்து விட விட நிறம் தேன் மாதிரி ஆழமாகிட்டே போகும், ராத்திரி முழுக்க விட்டேன். கடைசியா 500 மில்லிக்கு நிரப்பி பிஹெச் பார்த்தா 2க்குப் பக்கத்துல. இவ்வளவு புளிப்பான்னு பயப்பட வேண்டாம், இரும்பு உள்ள வரும்போது இடிடிஏ கையில வெச்சிருந்த ஹைட்ரஜனைக் கீழ போட்டுடுது, அந்தப் புளிப்புதான் இது, 20 மில்லியை 20 லிட்டர்ல ஊத்தும்போது ஒண்ணும் பண்ணாது.

இனிமே வர்றதுதான் இந்த வேலையிலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. கரைசல் தேன் நிறமா தெளிவா இருக்கு, சரி, ஆனா எல்லா இரும்பும் இடிடிஏ கையிலதான் இருக்கா, மிச்சம் கொஞ்சம் சும்மா சுத்துதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? கண்ணால தெரியாது, தண்ணியில கரைஞ்ச மொத்த உப்பைக் காட்டற டிடிஎஸ் மீட்டர்ல சுத்தமா தெரியாது. இதுக்கு இன்னொரு சின்ன ஆர்கானிக் மூலக்கூறையே சாட்சியா கூப்பிடலாம், சாலிசிலிக் ஆசிட். தனியா இருக்கற ஃபெர்ரிக் இரும்போட அது சேர்ந்தா கத்திரிப்பூ ஊதா நிறம் வரும், ஆனா இடிடிஏ பிடிச்சிருக்கற இரும்பை அதால பிடுங்க முடியாது, அப்போ வெறும் மஞ்சளாவே நிக்கும். லேப்ல இரும்பை இடிடிஏ வெச்சு டைட்ரேட் பண்ணும்போது, அதாவது கொஞ்சம் கொஞ்சமா விட்டு நிறம் மாறற இடத்தை வெச்சு அளக்கும்போது, இண்டிகேட்டரா பயன்படுத்தறதே இதைத்தான், இல்லன்னா சல்ஃபோசாலிசிலிக் ஆசிட்டை. அந்த வேலைக்கு பிஹெச் 2 பக்கத்துல இருக்கணும், நம்ம கரைசலோ ஏற்கெனவே அங்கதான் இருக்கு.

ஒரு விஷயம் கவனிக்கணும். இடிடிஏ பிடிச்ச ஃபெர்ரஸ் காத்துல சுலபமா ஃபெர்ரிக் ஆகிடும், ஆனா யாரும் பிடிக்காம தனியா நிக்கற ஃபெர்ரஸ், இவ்வளவு புளிப்புல காத்துக்கெல்லாம் அசையாது, ஃபெர்ரஸாவே கிடக்கும், அதுக்கு சாலிசிலிக் ஆசிட் நிறமும் காட்டாது. அதனால 10 மில்லி எடுத்து 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்ஸைடு சில சொட்டு விட்டு, லேசா சூடு பண்ணி, குமிழ் அடங்கின பிறகு ஆறவெச்சு, அப்புறம்தான் ஆல்கஹால்ல கரைச்ச சாலிசிலிக் ஆசிட் சொட்டு விட்டேன். பளிச்சுன்னு ஊதா. அப்போ இரும்பு மிச்சம் இருக்கு, இடிடிஏ பத்தல.

தராசு சரியா இருந்துச்சு, 100 கிராம் எடைக்கல் வெச்சுப் பார்த்தேன். கணக்கும் சரி. காரணம் ஃபெர்ரஸ் சல்ஃபேட் டப்பாவுக்குள்ள இருந்துச்சு. நல்ல உப்பு கண்ணாடித் துண்டு மாதிரி பச்சைப் படிகமா இருக்கும், இது மூடி சரியா மூடாம இருந்ததால மேல எல்லாம் வெள்ளைப் பொடி, அங்கங்க பழுப்பு. வறண்ட காத்துல அது தன்னோட நீர் மூலக்கூறுகளை விட்டுடும், எடை குறையும், இரும்பு அப்படியே இருக்கும், அப்போ ஒரு கிராமுக்கு இரும்பு கூடிப் போகும். ஏழு நீர் இருந்தா 20 சதவீதம், ஒரே ஒரு நீர் மட்டும் மிஞ்சினா 33 சதவீதம் பக்கம். நடுவுல எங்கயும் இருக்கலாம்.

எங்க இருக்குன்னு அதே ஊதா நிறத்தை வெச்சே அளந்துட்டேன். 3.72 கிராம் டைசோடியம் இடிடிஏவை 100 மில்லியில கரைச்சா 0.1 மோலார், அதாவது ஒரு மில்லிக்கு 0.1 மில்லிமோல். 1 மில்லி சிரிஞ்சுல எடுத்து, சோதனைக்கு வெச்ச அந்த 10 மில்லி ஊதாக் கரைசலை 40, 50 டிகிரி சூட்டுல வெச்சுக்கிட்டு, 0.1 மில்லி வீதம் விட்டேன். ஆறின தண்ணியில செஞ்சா கடைசியில நிறம் மாற ரொம்ப நேரம் எடுக்கும், ஏன்னா இடிடிஏ சாலிசிலிக் கையிலேருந்து இரும்பை வாங்கறதுக்கு நேரம் பிடிக்குது, சூடு இருந்தா வேகம். ஊதா வெளுத்து, பழுப்பு கலந்து, சுத்த மஞ்சளா மாறின இடத்துல சிரிஞ்சு 1.0 மில்லி காட்டுச்சு. அப்போ 10 மில்லியில 0.1 மில்லிமோல் இரும்பு அநாதையா இருந்திருக்கு, முழு 500 மில்லிக்கு 5 மில்லிமோல். முதல்ல போட்ட 6.7 கிராம் இடிடிஏ பிடிச்ச 18 மில்லிமோலையும் சேர்த்தா 23 மில்லிமோல், அதாவது நான் போட்ட 5 கிராம் உப்புல 1.28 கிராம் இரும்பு, 25 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல. மீதி இருந்த 490 மில்லியில இன்னும் 1.8 கிராம் இடிடிஏ சூடாக்கிக் கரைச்சு திரும்பக் காத்து விட்டு சோதிச்சேன், ஊதா வரல. கரைசல் இப்போ ஒரு மில்லிக்கு 2.6 மில்லிகிராம் பக்கம், அதனால பக்கெட்டுக்கு 20 மில்லிக்குப் பதிலா 15.5 மில்லி. இந்தச் சோதனை இல்லன்னா கால்வாசி இரும்பு பக்கெட்டுல போய் மண்டியா இறங்கியிருக்கும், நான் இடிடிஏ மேல பழியைப் போட்டிருப்பேன்.

அடுத்தது ஜாடி சோதனை. செடி இருக்கற பக்கெட்டுல நேரா ஊத்தறதுக்கு முன்னாடி ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடிங்கள்ல அதே உரக் கரைசலை நிரப்பி, கண்ணுக்குத் தெரியணும்னு இரும்பை அஞ்சு மடங்கா, 10 பிபிஎம் போட்டு வெச்சேன். ஒண்ணுல வெறும் ஃபெர்ரஸ் சல்ஃபேட், ஒண்ணுல சிட்ரேட், மூணுல இடிடிஏ. இடிடிஏ ஜாடிங்களை பொட்டாசியம் பைகார்பனேட் விட்டு 5.8, 6.8, 8னு மூணு பிஹெச்சுல நிறுத்தினேன். எல்லாத்துக்கும் கறுப்புத் துணி மூடி, தினமும் ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் எடுத்து காபி ஃபில்டர் தாள்ல வடிச்சுப் பார்த்தேன். இந்தத் தாள் ரொம்ப நல்ல கருவி, ஜாடியில கண்ணுக்குத் தெரியாத கலங்கல் கூட தாள்ல பழுப்பு வட்டமா உக்காந்துடும்.

வெறும் ஃபெர்ரஸ் அன்னிக்கே தாள்ல கெட்டிப் பழுப்பு. சிட்ரேட் முதல்ல சுத்தம், போகப் போக லேசான வட்டம். இடிடிஏ 5.8ல தாள் வெள்ளையாவே இருந்துச்சு, கடைசி வரைக்கும். 6.8ல ரொம்ப நேரம் நின்னு அப்புறம் மெலிசா ஒரு வளையம் தெரிய ஆரம்பிச்சுது. 8ல முதல் நாள் ஒண்ணுமே தெரியல, அதைப் பார்த்து இதுவும் நிக்குதுன்னு முடிவு பண்ணியிருந்தா தப்பாயிருக்கும், ரெண்டாவது நாள்லேருந்து தேன் நிறம் வெளுத்து அடியில துரு. இடிடிஏ இரும்பை விடறது ஒரே அடியில இல்ல, மெதுவா, அதனால ஜாடியைக் குறைஞ்சது ஒரு வாரமாவது வெக்கணும்.

இங்க எண்களைக் கொஞ்சம் பார்த்தா புரியும். எவ்வளவு இறுக்கமா பிடிக்குதுங்கறதுக்கு நிலைப்பு மாறிலின்னு ஒண்ணு சொல்வாங்க, அதோட லாகரிதம் இடிடிஏவுக்கு ஃபெர்ரிக்கோட 25.1, காப்பரோட 18.8, ஜிங்கோட 16.5, ஃபெர்ரஸோட 14.3, கால்சியத்தோட வெறும் 10.7. காகிதத்துல பார்த்தா கால்சியத்தால ஃபெர்ரிக்கை அசைக்கவே முடியாது. ஆனா பக்கெட்டுல இரும்பு 2 பிபிஎம், கால்சியம் 100க்கு மேல, எண்ணிக்கையில பார்த்தா எழுபது மடங்கு அதிகம். அதோட பிஹெச் ஏற ஏற ஹைட்ராக்ஸைடு ஃபெர்ரிக்கை அந்தப் பக்கம் இழுக்குது, ஃபெர்ரிக் ஹைட்ராக்ஸைடு மாதிரி கரையாத பொருள் தேடினாலும் கிடைக்காது. ஒருத்தர் இழுக்க, காலியான இடத்துல கால்சியம் வந்து உக்கார, கொஞ்சம் கொஞ்சமா இடிடிஏ கை மாறுது. அதனால என்ன கீலேட் (இப்படி உலோகத்தைச் சுத்திப் பிடிச்சு வெச்சிருக்கற சேர்மம்) வாங்கறதுங்கற கேள்விக்கு முன்னாடி உங்க தண்ணியோட பிஹெச் என்ன, காரத்தன்மை எவ்வளவுன்னு பாருங்க. எவ்வளவு இரும்பு போடறோம்ங்கறது ரெண்டாவது விஷயம், அதை அந்தத் தண்ணியில யாரால பிடிச்சு வெக்க முடியும்ங்கறதுதான் முதல் விஷயம்.

வெளிச்சத்துக்கு ஒரு தனி ஜோடி ஜாடி வெச்சேன், ரெண்டும் இடிடிஏ, ரெண்டும் 5.8, ஒண்ணு அலுமினியத் தாள் சுத்தி, ஒண்ணு ஜன்னலோரம் வெறுமனே. ஜன்னலோரம் இருந்தது வெளுத்துப் போய் அடியில பழுப்பு. புற ஊதாவும் நீல வெளிச்சமும் பட்டா இரும்பு தன்னைப் பிடிச்சிருக்கற இடிடிஏவையே உடைச்சுடுது, அதுல ஃபார்மால்டிஹைடு வரைக்கும் உண்டாகும், திசு வளர்ப்புல வேர் குட்டையா போறதுக்கு இது ஒரு காரணம்னு 1991லயே காட்டியிருக்காங்க. அன்னிக்கே பக்கெட்டுக்கு வெளியில கறுப்பு பெயின்ட், அதுக்கு மேல வெள்ளை பெயின்ட் அடிச்சேன், கறுப்பு மட்டும் அடிச்சா தண்ணி சூடாகும். ஸ்டாக் கரைசல், அதாவது செஞ்சு வெச்ச அடர் இரும்புக் கரைசல், பழுப்பு பாட்டில்ல, அலமாரிக்குள்ள.

அப்புறம்தான் செடிக்கு. பழைய தண்ணியைக் கொட்டி, பக்கெட்டைக் கழுவி, வேர்மேல இருந்த துருவை ஓடுற தண்ணியில லேசா அலசி, புது உரக் கரைசல், பிஹெச் 5.8, 15.5 மில்லி ஸ்டாக். மஞ்சளான பழைய இலை திரும்பப் பச்சையாகும்னு காத்திருக்காதீங்க, கொஞ்சம் தேறும், முழுசா வராது. பார்க்க வேண்டியது அடுத்து விரியற இலையை. அது ஒரு வாரத்துக்குள்ள சீரான பச்சையில வந்துச்சு, அதுக்கடுத்த கிளை இன்னும் கரும்பச்சை.

இவ்வளவு இறுக்கமா பிடிச்சதை செடி எப்படி வாங்குதுன்னு எனக்கும் கேள்வி இருந்துச்சு. தக்காளி மாதிரி செடிங்க வேரோட மேல் தோல்லயே ஒரு என்சைம் வெச்சு ஃபெர்ரிக்கை ஃபெர்ரஸா மாத்துது. மேல இருக்கற எண்ணைப் பாருங்க, 25.1லேருந்து 14.3க்கு விழுது, பிடி அந்த அளவுக்குத் தளர்ந்ததும் வேர் இரும்பை இழுத்துக்குது, இடிடிஏ வெளியிலயே நிக்குது. புல் வகைங்க வேற வழி, அதுங்க தாங்களே ஒரு சின்ன ஆர்கானிக் மூலக்கூறை வேர்லேருந்து வெளியில விட்டு இரும்பைப் பிடிச்சு அப்படியே உள்ள இழுத்துக்கும், பார்லி வேர்ல கண்டுபிடிச்ச மியூஜினிக் ஆசிட் அப்படிப்பட்டதுதான். நாம பாட்டில்ல செய்யறதை அதுங்க வேர்லயே செஞ்சுக்குது, இதை நினைச்சா இன்னமும் எனக்கு ஆச்சரியம்தான்.

இடிடிஏவை பத்திரத்துக்குன்னு அள்ளிப் போடவும் கூடாது. அஞ்சு சதவீதம் கூட இருந்தா பரவாயில்ல, அதுக்கு மேல போனா சும்மா இருக்கற கை ஜிங்க், காப்பர், மாங்கனீஸைப் பிடிக்கப் போயிடும். மாங்கனீஸ் குறைஞ்சா வர்ற மஞ்சளும் இதே மாதிரிங்கறதால இரும்பு பத்தலன்னு நினைச்சு இன்னும் ஊத்துவோம்.

கருவின்னு பார்த்தா 0.01 கிராம் காட்டுற சின்னத் தராசு, பிஹெச் மீட்டர், அதைச் சரிபார்க்க பிஹெச் 4.01, 7.00 பஃபர் கரைசல், 1 மில்லியும் 20 மில்லியும் சிரிஞ்ச், மீன் தொட்டி ஏர் பம்ப், தெர்மாமீட்டர், ஃபில்டர் தாள். செலவுல முக்கால்வாசி பிஹெச் மீட்டருக்கும் பஃபருக்கும்தான், ரசாயனத்துக்கு ஆனது அதுல ஒரு ஓரம். பிஹெச் மீட்டர்ல மிச்சம் பிடிக்க நினைக்காதீங்க, எலக்ட்ரோடைக் காய விடாம பொட்டாசியம் குளோரைடு கரைசல்லயே வெச்சா ரொம்ப நாள் வரும், காய்ஞ்சா அரை புள்ளி தள்ளிக் காட்டும், 6.3ஐ 5.8ன்னு நம்பிக்கிட்டு இருப்போம். டிடிஎஸ் மீட்டர் இந்த வேலைக்கு எதுக்கும் உதவல.

அடுத்த தடவை ஃபெர்ரஸ் சல்ஃபேட்டைச் சின்னப் பாக்கெட்டா, பச்சைப் படிகமா இருக்கான்னு பார்த்து வாங்கி, வாங்கின அன்னிக்கே காத்துப் புகாத டப்பாவுல அடைப்பேன். 500 மில்லிக்குப் பதிலா 250தான் செய்வேன், இவ்வளவும் தீர ரொம்ப நாள் ஆகுது. செஞ்ச தேதி, ஒரு மில்லிக்கு எத்தனை மில்லிகிராம், சாலிசிலிக் சோதனை முடிவு மூணும் பாட்டில் மேல எழுதணும். குழந்தைங்க கைக்கு எட்டாத இடத்துல வெக்கணும், இரும்புக் கரைசல் சின்னக் குழந்தைங்களுக்கு நிஜமாவே விஷம். மிச்சத்தைச் சாக்கடையில கொட்டாம செடிக்கே கொடுத்துத் தீர்க்கணும், இடிடிஏ சுலபத்துல மக்காது, போற வழியில இருக்கற உலோகத்தையெல்லாம் பிடிச்சுக்கிட்டே போகும்.

பிஹெச்சை 6க்குக் கீழ பிடிச்சு வெக்க முடியாத தண்ணின்னா இடிடிஏவோட மல்லுக்கட்ட வேண்டாம். இதே மாதிரி இரும்பைப் பிடிக்கற வேற ரெண்டு மூலக்கூறு இருக்கு. டிடிபிஏ 7 தாண்டியும் நிக்கும், ஃபெர்ரிக்கோட அதோட நிலைப்பு எண் (மேல சொன்ன லாகரிதம்) 28. இடிடிஹெச்ஏ 9 வரைக்கும் கூட நிக்கும், எண் 33க்கு மேல, அடர்ந்த சிவப்பு நிறம், அந்தச் சிவப்புக்குக் காரணம் அதுக்குள்ள சாலிசிலிக் ஆசிட்ல இருக்கற மாதிரியே ஃபீனால் முனை ரெண்டு இருக்கறதுதான். அதனாலயே ஊதா சோதனை அதுல செல்லாது. விலையும் இடிடிஏவை விடப் பல மடங்கு. கடைப் பாக்கெட்ல வாங்கினா இரும்பு சதவீதத்தைப் பாருங்க, இடிடிஏல 13, டிடிபிஏல 11, இடிடிஹெச்ஏல 6னு இருக்கும், அப்போ அதே 40 மில்லிகிராம் இரும்புக்கு முதல்ல 0.31 கிராம், அடுத்து 0.36, கடைசியா 0.67. இப்போ ஒரு ஜாடியில டிடிபிஏ போட்டு பிஹெச் 7.5ல நிறுத்தியிருக்கேன், இதுவரைக்கும் ஃபில்டர் தாள் வெள்ளையாத்தான் இருக்கு, ஒரு வாரம் தாண்டினா பக்கத்து பக்கெட்டுக்கு அதையே ஊத்தப் போறேன்.